‘பெரிய’ என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் எதை எடுப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துறைமுகத்தைச் சார்ந்த வேலைகளில் இருப்பவர்கள். ஒருவர் கிளியரிங் ஏஜென்சியில் பில் போடுகிறார். ஒருவர் கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறார். இன்னொருவர் காசிமேட்டு மீனை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் மெயில் பார்க்கிறார். இவர்கள் எழுதிக்கொண்டு வரும் மெயில்களில் என் சிவப்பு மை அதிகம் படுகிற சொல் ‘பிக்’. ‘பிக் ரெய்ன்’ பெய்ததால் லாரி வரவில்லை, ‘பிக் டிராஃபிக்’ இருந்ததால் சரக்கு தாமதம், ‘பிக் நம்பர்’ பெட்டிகள் தேங்கிக் கிடக்கின்றன என்று எழுதியிருப்பார்கள். தமிழில் பெரிய மழை, பெரிய நெரிசல், பெரிய சத்தம், பெரிய விலை, பெரிய மனுஷன், பெரியப்பா என்று எல்லா இடத்திலும் ஒரே சொல் வந்து உட்கார்ந்துகொள்வதால், ஆங்கிலத்திலும் அப்படி ஒரு சொல் இருக்கும் என்று மனம் தேடுவது இயற்கைதான்.

பிழை என்று சுட்டிக்காட்டியதும் பெரும்பாலானவர்கள் செய்வது, செல்போனில் ‘பிக்’ என்பதற்கு இணைச்சொற்களைத் தேடி, கிடைத்த பட்டியலை மனப்பாடம் செய்து, மறுநாள் எல்லா இடத்திலும் ‘ஹியூஜ்’ என்றோ ‘ஜைகேன்டிக்’ என்றோ போட்டுக்கொண்டு வருவது. இது முன்னதைவிட மோசம். அந்தப் பட்டியல்கள் இச்சொற்களை ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுகின்றன. முதல் படி ‘பிக்’, கடைசிப் படி ‘கொலாசல்’ என்பதுபோல. உண்மையில் இவை அக்கம்பக்கத்தில் நிற்கும் சொற்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான பெருமையைச் சொல்கிறது. எனவே எழுத உட்காரும்போது ‘எவ்வளவு பெரியது’ என்று கேட்பதற்கு முன் ‘எதில் பெரியது’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எடையிலா, கொள்ளளவிலா, பரப்பிலா, உயரத்திலா, எண்ணிக்கையிலா, மதிப்பிலா? இந்த ஒரு கேள்வியிலேயே முக்கால்வாசித் தவறுகள் நின்றுவிடும்.

பெட்டியின் கதவில் எழுதியிருப்பது

இதை விளக்க நான் கரும்பலகையைவிட கன்டெய்னரின் கதவையே நம்புகிறேன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையில் ஏதாவது ஒரு பெட்டியின் பின்பக்கக் கதவைப் பாருங்கள். எடை ஒரு வரியிலும் கொள்ளளவு வேறொரு வரியிலும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். 20 அடிப் பெட்டிகள் பலவற்றில் பெட்டியோடு சேர்த்த மொத்த எடை 30,480 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும், உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம் உண்டு என்றும் இருக்கும். 40 அடிப் பெட்டியில் இடம் இரண்டு மடங்காக, சுமார் 67 கன மீட்டராக இருக்கும். ஆனால் எடையின் வரம்பு பல பெட்டிகளில் அதே 30,480 கிலோதான். அப்படியானால் எந்தப் பெட்டி ‘பெரியது’?

கிரானைட் ஏற்றிய 20 அடிப் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் காலியாகத் தெரியும். யார்டில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர், “பெட்டி பாதி காலியா இருக்கு, இதப் போயி எப்படி சார் ஹெவின்னு சொல்றது?” என்று கேட்டார். கிரேன் ஓட்டுகிறவரிடம் கேட்டால் சொல்வார், தம்பி, என்றேன். அந்தச் சரக்கு ‘ஹெவி’. தெர்மாகோல் அட்டைகளை அடைத்த 40 அடிப் பெட்டியில் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பியிருந்தாலும் எடை அற்பம். அந்தச் சரக்கு ‘பல்க்கி’, அதாவது இடத்தை அடைத்துக்கொள்வது. இரண்டும் சேர்ந்த ஒன்று, மின் நிலையத்துக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரைப்போல உருவிலும் கனத்திலும் கெட்டியிலும் மிகுந்த ஒன்று, ‘மாசிவ்’. பெட்டியையே குறிக்க வேண்டுமென்றால் 40 அடியை ‘லார்ஜ் கன்டெய்னர்’ எனலாம். இந்த நான்கையும் மாற்றிப் போட்டு எழுதிய மெயிலை வெளிநாட்டில் படிப்பவர் தவறான வண்டியை ஏற்பாடு செய்துவிட வாய்ப்புண்டு. ஆகவே இது வெறும் மொழியழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று.

உயரத்துக்கு ‘டால்’, அகலத்துக்கு ‘வைட்’, மழைக்கும் போக்குவரத்துக்கும் ‘ஹெவி’, காய்ச்சலுக்கும் விலைக்கும் வேகத்துக்கும் ‘ஹை’, சத்தத்துக்கு ‘லவுட்’. இவற்றுக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்காமல் ஜோடியாகவே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. நாமும் ‘கனமழை’ என்று சொல்கிறோமே, அது போலத்தான்.

பிக், லார்ஜ், கிரேட்

இந்த மூன்றையும் பிரித்தறிந்துவிட்டால் அன்றாட எழுத்துக்கு வேண்டியது பெரும்பாலும் கைக்கு வந்துவிடும் என்பதால், இங்கே சற்று நின்று போவோம்.

‘லார்ஜ்’ என்பது அளவைக் கொண்ட சொல். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் சட்டைக் காலரின் உள்ளே தைத்திருப்பது ‘லார்ஜ்’ என்ற அளவுதான்; ‘பிக்’ என்று ஒரு சட்டையிலும் இராது. எண்ணிக்கை, தொகை, அளவு ஆகிய சொற்களுக்கு முன்னால் இதுவே வரும்: ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப்’, ‘எ லார்ஜ் அமவுண்ட் ஆஃப்’. இங்கே ‘பிக்’ போடுவது காதுக்கு உறுத்தும். லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்குத் தாராளம், வள்ளன்மை என்று பொருள். வாரி வழங்குவதைக் குறிக்கும் ‘லார்ஜெஸ்’ என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. ஒரு குற்றவாளி ‘அட் லார்ஜ்’ என்று செய்தித்தாளில் படித்தால் அவர் உடல் பருத்தவர் என்று எண்ண வேண்டாம். பிடிபடாமல் வெளியே திரிகிறார் என்பது பொருள்.

‘பிக்’ பேச்சுக்கு நெருக்கமான சொல். உருவத்தைச் சொல்லும்போதே நம் மனத்தின் அழுத்தத்தையும் அது சேர்த்துச் சொல்லிவிடும். ‘பிக் மிஸ்டேக்’, ‘பிக் டிசிஷன்’, ‘பிக் டே’ என்று வரும் இடங்களில் ‘லார்ஜ்’ பொருந்தவே பொருந்தாது. ‘லார்ஜ் மிஸ்டேக்’ என்றால் தவறை டேப் வைத்து அளந்ததுபோல இருக்கும். அண்ணனை ‘பிக் பிரதர்’ எனலாம். ஆனால் பெரியப்பாவை ‘பிக் ஃபாதர்’ என்றால் அங்கே யாருக்கும் விளங்காது. ‘மை ஃபாதர்ஸ் எல்டர் பிரதர்’ என்று நீட்டித்தான் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் பெரியப்பாவுக்கென்று ஒரு சொல் இல்லாதது ஆங்கிலத்தின் வறுமை, நம்முடையது அன்று.

‘கிரேட்’ இன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவற்றின் பெருமையைச் சொல்கிறது: ‘கிரேட் கேர்’, ‘கிரேட் ப்ளெஷர்’, ‘கிரேட் இம்பார்ட்டன்ஸ்’. உருவப் பெருமையைக் குறிக்கும் பழைய பொருள் கிரேட் நிக்கோபார் தீவைப்போன்ற இடப்பெயர்களில் உறைந்து நிற்கிறது. நம் ‘பெரிய மனுஷன்’ என்ற வழக்கு இங்கே மூன்றாகப் பிரிந்துவிடும். பண்பாலும் செயலாலும் உயர்ந்தவர் ‘கிரேட் மேன்’. உடலால் ஓங்கியவர், அல்லது வட்டாரத்தில் செல்வாக்குள்ளவர் ‘பிக் மேன்’. பருத்த உடலைச் சற்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் ‘லார்ஜ் மேன்’. தலைவர் ஒருவரின் இரங்கல் குறிப்பில் இவற்றை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

‘கிராண்ட்’ என்ற சொல்லை நாம் ஏற்கெனவே சரியாகப் பயன்படுத்துகிறோம். ‘கல்யாணம் கிராண்டா நடந்தது’ என்னும்போது அளவோடு ஆடம்பரமும் சேர்ந்தே வருகிறது. மாதவரம் பக்கத்தில் நாள்தோறும் கடக்கும் ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) ரோட்டின் முதல் எழுத்தும் இந்தக் ‘கிராண்ட்’தான்.

‘வெரி ஹியூஜ்’ ஏன் கூடாது

‘ஹியூஜ்’, ‘எனார்மஸ்’, ‘ஜைகேன்டிக்’, ‘இம்மென்ஸ்’ போன்ற சொற்களுக்குள்ளேயே ‘மிக’ என்பது அடங்கியிருக்கிறது. தமிழில் ‘ரொம்பப் பிரம்மாண்டம்’ என்றால் யாரும் திருத்த மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் ‘வெரி ஹியூஜ்’, ‘வெரி எனார்மஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘வெரி’ என்பதை ‘பிக்’, ‘லார்ஜ்’ ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘அப்சல்யூட்லி ஹியூஜ்’ அல்லது ‘ரியலி ஹியூஜ்’ என்று எழுதலாம். ஒன்றும் சேர்க்காமல் விட்டால் இன்னும் நல்லது.

சொற்களுக்குள் இருக்கும் படங்கள்

அடுத்த கட்டச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, அவை எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் எங்கே பொருந்தும் என்பது தானாக நினைவில் நிற்கும்.

‘எனார்மஸ்’ என்ற சொல்லின் நடுவில் இருப்பது ‘நார்மா’ என்னும் லத்தீன் சொல். தச்சர் கையில் இருக்கும் மூலைமட்டத்தின் பெயர் அது. மட்டத்துக்கு வெளியே போனது, வரம்பு மீறியது என்பதே முதற்பொருள். ஆதலால் ஒருகாலத்தில் இது அளவைவிட ஒழுக்கக்கேட்டையே அதிகம் சுட்டியது. ‘எனார்மஸ்’ பின்னாளில் அந்தக் கறையைக் கழுவிக்கொண்டு வெறும் அளவுச் சொல்லாகிவிட்டது. அதன் பெயர்ச்சொல்லான ‘எனார்மிட்டி’ முழுதாகக் கழுவிக்கொள்ளவில்லை. இன்றும் கவனமாக எழுதுகிறவர்கள் அதைப் பெருங்கொடுமை என்ற பொருளில்தான் ஆள்கிறார்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். இளவயதில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, நெருக்கடியில் கைகொடுத்த வாடிக்கையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். உதவியின் பெருமையைச் சொல்லும் நினைப்பில் ‘தி எனார்மிட்டி ஆஃப் யுவர் ஹெல்ப்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு கடிதத்தின் நகல் திரும்பி வந்தது. ‘உங்கள் உதவி என்னும் அக்கிரமத்தை மறக்க மாட்டோம்’ என்று எழுதியிருக்கிறேன் என்பதை அகராதியைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அங்கே எழுதியிருக்க வேண்டியது ‘இம்மென்ஸ் ஹெல்ப்’. ‘மெஷர்’ என்ற சொல்லின் உறவுக்காரர் இது. அளக்க முடியாதது என்பது இதன் பொருள். உதவி, மகிழ்ச்சி, மதிப்பு, பொறுமை ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் எழுதலாம்.

‘வாஸ்ட்’ பரப்பைச் சொல்லும் சொல். கடல், வானம், சமவெளி, அனுபவம், அறிவு ஆகியவை ‘வாஸ்ட்’ ஆகலாம். யானையும் லாரியும் ஆகா. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரியான பழவேற்காட்டின் கரையில் நின்றால், தண்ணீர் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கண் தவிக்குமே, அந்தக் காட்சிக்குரிய சொல் இது. லத்தீன் மூலத்தில் இதற்கு வெறுமை, பாழ் என்ற பொருளும் உண்டு. வகுப்பில் ஒருவர் ‘வாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதை ‘வேஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று படித்துவிட, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ‘வாஸ்ட்’, ‘வேஸ்ட்’ இரண்டும் அதே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவைதான் என்று சொன்னதும் படித்தவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பரப்புக்கு வேறு சொல், பெருமைக்கு வேறு சொல் என்ற இந்தப் பிரிவினை நமக்கும் புதிதன்று. தொல்காப்பியத்தின் உரியியல் ‘தட’, ‘கய’, ‘நளி’ மூன்றும் பெருமையைக் குறிக்கும் என்று ஒரு நூற்பாவிலும், ‘வியல்’ என்பது அகலத்தைக் குறிக்கும் என்று வேறொரு நூற்பாவிலும் பிரித்தே வைக்கிறது. ‘வியனுலகம்’ என்னும்போது வருவது ‘வாஸ்ட்’. ‘தடக்கை’ என்னும்போது வருவது ‘லார்ஜ்’.

‘மாசிவ்’ முன்பே வந்துவிட்டது. பிசைந்த மாவுருண்டையைக் குறித்த பழஞ்சொல்லின் வழியே வந்தது அது. ஆகவே கெட்டியும் கனமும் அதனுள் இருக்கின்றன. ‘மாசிவ் அட்டாக்’ என்று ஆஸ்பத்திரி வாசலில் நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ‘செம மாஸ்’ என்கிறோமே, அந்த ‘மாஸ்’ கூட்டத்தைக் குறிக்கும் பொருளின் வழியாக நம்மிடம் வந்த அதே சொல்லின் கிளை. அதை நம்பி ஹீரோவை ‘மாசிவ் ஹீரோ’ என்று எழுதிவிடக் கூடாது.

‘டிரமெண்டஸ்’ என்றால் நடுங்கவைப்பது என்று பொருள். ‘டிரெம்பிள்’ அதன் தங்கை. இன்று அது இரண்டு வேலை செய்கிறது. சத்தம், அழுத்தம், விசை ஆகியவற்றோடு வந்தால் பழைய நடுக்கம் மிஞ்சியிருக்கும். முயற்சி, ஆதரவு, வெற்றி ஆகியவற்றோடு வந்தால் பாராட்டு. எனவே சேதத்தையோ விபத்தையோ பற்றிய அறிக்கையில் இதைத் தவிர்ப்பது நல்லது. பாராட்டுகிறீர்களோ என்று படிப்பவர் ஒரு கணம் திகைப்பார்.

இனி ராட்சதர்களின் வரிசை. ‘ஜைகேன்டிக்’ கிரேக்கப் புராணத்தின் அரக்கர்களிடமிருந்து வந்தது. செல்போன் டேட்டாவை அளக்கும் ‘ஜிகா’வும் அதே குடும்பம், நூறு கோடி என்ற மடங்கைக் குறிப்பது. ‘டைட்டானிக்’ அந்தப் புராணத்தின் மூத்த தெய்வங்களான டைட்டன்களின் பெயர். 1912 ஏப்ரல் 15 அன்று மூழ்கிய கப்பல் அதைச் சுமந்த பிறகு, துறைமுகத்து மெயிலில் எந்தக் கப்பலையும் ‘டைட்டானிக் வெஸ்ஸல்’ என்று புகழாமலிருப்பது நலம். போராட்டம், முயற்சி ஆகியவற்றுக்கு இச்சொல் பொருந்தும். ‘கொலாசல்’ ரோட்ஸ் தீவில் சுமார் 33 மீட்டர் உயரத்துக்கு எழுப்பப்பட்ட வெண்கலச் சிலையை நினைவூட்டுவது. தவறு, தோல்வி, நஷ்டம் ஆகியவற்றோடு இது நன்றாகச் சேரும். ‘மேமத்’ ரஷ்ய மொழியின் வழியே வந்த, அழிந்துபோன ரோமயானையின் பெயர். செய்து முடிக்க நெடுநாளாகும் வேலையை ‘மேமத் டாஸ்க்’ என்பார்கள். ‘ஜம்போ’ லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த ஒரு யானையின் பெயர். 1882-இல் அதை ஓர் அமெரிக்க சர்க்கஸ்காரருக்கு விற்றார்கள். 1885-இல் கனடாவில் ரயில் மோதி அது இறந்தது. அதன் பெயர் விமானத்துக்கும், நம் ஊர்க் குடோன்களில் ஒரு டன் சரக்கைத் தாங்கும் ‘ஜம்போ பேக்’குக்கும் வந்து சேர்ந்தது. இது பொருள்களின் அளவைச் சொல்லும் வியாபாரச் சொல். பிரச்சினையையோ மகிழ்ச்சியையோ ‘ஜம்போ’ என்று எழுதினால் விளையாட்டாகப் போய்விடும்.

இந்த வரிசையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அரக்கர்கள் தோற்றார்கள், டைட்டன்கள் சிறைப்பட்டார்கள், ரோட்ஸ் சிலை அறுபது ஆண்டுகூட நிற்காமல் நிலநடுக்கத்தில் விழுந்தது, ரோமயானை பூண்டோடு போயிற்று, ஜம்போ ரயிலில் அடிபட்டது. விழுந்தவற்றைக் கொண்டே ஆங்கிலம் பெருமையை அளந்திருக்கிறது. ஒன்று மட்டும் விலக்கு: பூரி ஜகந்நாதரின் தேர். மேலைநாட்டுப் பயணிகள் அந்தத் தேரைப் பற்றி எழுதியும் மிகைப்படுத்தியும் பரப்பிய கதைகளால் ஆங்கிலத்துக்குப் போன சொல் ‘ஜக்கர்நாட்’. குறுக்கே வருவதை நசுக்கிக்கொண்டு நிற்காமல் போகும் பெருஞ்சக்தி என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் மிகப் பெரிய சரக்கு லாரியையும் அப்படிச் சொல்வார்கள். தேர் இன்றும் ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக நகராமல் நிற்கும் டிரெய்லர்களுக்கு இந்தப் பெயர் பொருந்துமா என்று ஒரு மாணவி கேட்டார். நிற்கும்வரை பொருந்தாது என்றேன்.

மெயிலில் போடும்போது

அலுவலக எழுத்துக்கு ராட்சதர்கள் அனேகமாகத் தேவைப்படுவதில்லை. ‘கணிசமான’ என்று தமிழில் எங்கே சொல்வோமோ அங்கே ‘கன்சிடரபிள்’ அல்லது ‘சப்ஸ்டான்ஷியல்’ போடுங்கள். முக்கியத்துவம் சேர்ந்தால் ‘மேஜர்’. ‘ஹியூமங்கஸ்’, ‘ஜைனார்மஸ்’ ஆகியவை நண்பர்களோடு பேசுவதற்கு. ‘வாப்பிங்’ தொகைக்கும் எண்ணுக்கும் முன்னால் பத்திரிகைத் தலைப்பில் வருவது. இன்வாய்ஸோடு போகும் கடிதத்தில் அதைப் போட்டால் விலை அநியாயம் என்று நாமே ஒப்புக்கொள்வதாகும்.

உச்சரிப்பில் இரண்டு இடங்களைக் கவனித்தால் போதும். ‘ஜைகேன்டிக்’கில் முதல் எழுத்து ‘ஜ’, நடுவில் வருவது ‘க’. இரண்டையும் ‘ஜ’ ஆக்குவது நம்மிடையே பரவலாக உண்டு. ‘ஹியூஜ்’ என்பதில் முதலில் மூச்சு வெளிவர வேண்டும். ‘யூஜ்’ என்று விட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கு நான் கொடுப்பது புதுச் சொற்களை அல்ல, அவர்கள் ஏற்கெனவே அனுப்பிய மெயில்களை. ‘பிக்’ வரும் இடத்திலெல்லாம் கோடு போட்டு, பக்கத்தில் ‘எதில்?’ என்று தமிழில் எழுதிப் பதில் சொல்லச் சொல்கிறேன். முதலில் சொன்ன யார்டு மாணவரின் மெயிலில் ஐந்து ‘பிக்’ இருந்தன. மழை கனத்தில், ஆகவே ‘ஹெவி ரெய்ன்’. போக்குவரத்தும் அப்படியே, ‘ஹெவி டிராஃபிக்’. பெட்டிகள் எண்ணிக்கையில், ‘எ லார்ஜ் நம்பர் ஆஃப் கன்டெய்னர்ஸ்’. தாமதம் கணிசமானது, ‘கன்சிடரபிள் டிலே’. ஐந்தாவது, கடைசி வரியில் இருந்தது: வேறு யார்டிலிருந்து இரண்டு டிரெய்லர் அனுப்பிவைத்த சக ஊழியருக்கு, ‘தேங்க்ஸ், தட் வாஸ் எ பிக் ஹெல்ப்’.

அதை ‘இம்மென்ஸ்’ என்று மாற்றிவிட்டு என்னைப் பார்த்தார். தினமும் போனில் வாடா போடா என்று பேசிக்கொள்ளும் நண்பருக்கு எழுதுவதாகச் சொன்னதால், மாற்றியதை அடித்துவிட்டு ‘பிக்’கையே திரும்ப எழுதச் சொன்னேன்.